எட்டாய் மடித்த தாள்

நான்கு மாலைகள் கூடி எழுதிய பாடம்.
கையெழுத்து என்னுடையது, அடித்தல் திருத்தல் ஹமூங்காவுடையது.
நடத்தப்போவது லுயாண்டோ என்று
சீட்டுக் குலுக்கியதில் வந்தது.
என் பெயர் வராததில் எனக்கிருந்த நிம்மதியை
யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

ஜாம்பியாவில் சோமா, தண்டவாளத்தை ஒட்டிய பள்ளி,
ஐந்தாம் வகுப்பு, ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள்.
பின்சுவரோரம் நாங்கள் ஐந்து பேர்,
முழங்கால் மோவாயை இடிக்கும் சின்ன நாற்காலிகளில்.
ஆளுக்கொரு வரிசை.
ஆசிரியையைப் பார்க்கக் கூடாது,
பிள்ளையின் கையைப் பார்க்க வேண்டும். அதுதான் பேச்சு.

நாலில் ஒன்று பெரிதா, எட்டில் ஒன்று பெரிதா?
கேட்டு வாய் மூடுமுன் சரக்கு ரயில் வந்துவிட்டது.
வந்தால் இரண்டு நிமிடம் ஒருவரும் பேச முடியாது.
சாக்பீஸும் கையுமாய் நின்றாள் லுயாண்டோ.
என் வரிசையில் துவாம்போ
செய்தித்தாள் துண்டை மூன்றாம் முறை மடித்தான்,
கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து
அழுத்திப் பார்த்தான்.
பிரித்தான். மடித்தான். மறுபடி அழுத்தினான்.
கடைசிப் பெட்டி போனதும் எழுதினான்:
எட்டில் ஒன்று பெரிது.

பிறகு ஆசிரியர் அறை, பன், ஆறிய தேநீர்.
'நீ' என்று தொடங்கக் கூடாது,
'நம் பாடம்' என்றே சொல்ல வேண்டுமென
விதி எழுதியவர் ஹமூங்கா.
முதலில் மீறியவரும் அவரே:
"நீ பலகையோடுதான் பேசிக்கொண்டிருந்தாய்."
லுயாண்டோ பன்னைப் பிய்த்தாள், தின்னவில்லை.

என் முறை வந்தது.
ரயிலைச் சொன்னேன், விரல்களைச் சொன்னேன்.
அவன் அளந்தது தடிமனை.
மடிக்க மடிக்கத் தாள் தடிக்கத்தானே செய்யும்,
மடிக்கச் சொன்னது நாம்தானே.

சோல்வே வருகைப் பதிவேட்டில் ஒரு தாளைக் கிழித்தாள்.
சற்று நேரத்தில் ஆறு பேரும்
காகிதத்தை மடித்து விரலால் நெருக்கிக்கொண்டிருந்தோம்,
துணிக்கடையில் சேலையைத் தடவுகிறவர்கள் போல.
"வெட்டச் சொல்லியிருக்கலாம்" என்றாள் லுயாண்டோ,
முதல்முறையாக எங்களை நிமிர்ந்து பார்த்து.

நான் சொல்லாமல் விட்டது:
பதினோரு வருடமாக இதே விடையின் மேல்
சிவப்பு மையில் கோடு கிழித்திருக்கிறேன்.
எப்படி வந்தது என்று ஒருவனைக்கூடக் கேட்டதில்லை.

அடுத்த வியாழன் அதே பாடம், என் வகுப்பில்.
இம்முறை சீட்டில்லை, நானே கேட்டேன்.
கத்தரிக்கோல் ஏழுதான் கிடைத்தது,
மற்றவர்கள் கிழித்துக்கொள்ளட்டும்.
முதல்நாள் சாயங்காலம் பின்சுவரோரம் நாற்காலி போட்டேன்.
ஒன்றுக்குக் கால் குட்டை.
தாளை இரண்டாய் மடித்து முட்டுக் கொடுத்தேன், ஆடியது.
நாலாய் மடித்தேன், ஆடியது.
எட்டாய் மடித்ததும்
நின்றது.