நாலிலை

வெள்ளவத்தையில், மரீன் டிரைவிலிருந்து
ஓர் ஒழுங்கை உள்ளே, பதினொரு மாடி.
சாவிக்கொத்தும் நாற்பது பக்கக் கையேடும் என்னிடம்.
வரவேற்பறைச் சுவரில் பித்தளைத் தகடு,
பச்சை எனாமலில் நான்கு இலை.
ஐந்தாவதுக்குத் துளை மட்டும் போட்டிருக்கிறது.
"அதை முதல்லை காட்டுங்கோ பிள்ளை," என்றார் முதலாளி,
"அதுக்குத்தானே சதுர அடிக்கு ரெண்டாயிரம் கூட."

காட்டினேன்.

டொக்டர் தர்மகுலசிங்கம் தகட்டில் தன் முகம் பார்த்து
முன்மயிரைச் சரிசெய்தார்.
பிறகு கேட்டார்:
வாசல் எந்தத் திசை?

பஸ்லியா உம்மா தொலைபேசியில் திசைகாட்டியைத் திறந்து
கழிவறை வாசலில் நின்று மெல்லச் சுற்றினார்.
முள் நிற்கும்வரை
நாங்கள் எல்லோரும் பேசாமல் நின்றோம்.

வங்கியில் வேலை பார்க்கும் புதுச்சோடி ஒன்று
இந்த இலைக்குக் கடன்வட்டி குறையுமா என்றது.
கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.
வங்கிக்காரர்கள் அவர்கள்.

கடல் தெரியுமா என்று கேட்காதவர் இல்லை.
கடல் மேற்கில். வெயிலும் மேற்கில்.
கடலுக்கு விலை கூட,
வெயிலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

டொரொன்டோவிலிருந்து ஒருவர் வீடியோவில் வந்தார்,
குளிர்ச்சட்டையோடு, நடுச்சாமத்தில்.
"நாலிலை அண்ணா," என்றேன், தகட்டுக்கு நேரே ஃபோனைப் பிடித்து.
ரயில் போனது. லைன் இழுத்தது.
"நாலு இல்லையோ? எந்த நாலு இல்லை?"
அத்தோடு அறுந்தது.

இரவு நூறாம் நம்பர் பஸ்ஸில்
அந்தக் கேள்வியும் என்னோடு தொங்கிக்கொண்டு வந்தது.
எந்த நாலு.
இரத்மலானையில் என் அறைக்கு அஸ்பெஸ்டஸ் கூரை,
ஒரு யன்னல், அதுவும் பக்கத்துவீட்டுச் சுவரைப் பார்த்து.
விரல் மடித்தேன். காற்று, நிழல்.
மூன்றாவது விரலில் நித்திரை வந்துவிட்டது.

யோகமலர் வந்தது ஒரு செவ்வாய், பின்னேரம் மூன்று மணி.
களுபோவில ஆஸ்பத்திரித் தாதி. இரவு வேலை முடித்து
நித்திரையை முறித்து வந்திருந்தார்.
"காலமை வந்தா எல்லா வீடும் நல்ல வீடுதான்."
தகட்டைப் பார்க்கவில்லை.
நேரே மேற்குச் சுவருக்குப் போய்
புறங்கையை வைத்தார், காய்ச்சல் பார்ப்பதுபோல.
வைத்தபடியே நின்றார்.
"சூடில்லை," என்றார். கொஞ்சம் ஏமாந்த குரலில்.

கரண்ட் போனால் தண்ணி மேலே ஏறுமா?
எத்தனை மணித்தியாலத்துக்கு?
அந்த வருசம், லிஃப்ட் நின்ற நாட்களில்,
படுக்கையில் கிடந்த மாமிக்காக
ஒன்பது மாடி வாளி சுமந்தவராம்.
முழங்காலைத் தொட்டுக் காட்டினார்.

பதில் கையேட்டில் இருந்தது, பதினேழாம் பக்கம்.
நான் அதுவரை திறக்காத பக்கம்.
படிக்கட்டில் நின்று வாசித்தேன்:
மழைநீர்த் தாங்கி, கூரையில் சோலர்,
பம்புக்குத் தனி பற்றரி, இரட்டைக் கண்ணாடி.
தலையசைத்துக் கேட்டார், நோயாளியின் சீட்டைக் கேட்பதுபோல.

"இதுக்குத்தானோ அந்த இலை?"
"ஓம்."
"இதெல்லாம் வீடெண்டா இருக்கவேண்டியதுதானே, தங்கச்சி.
இதுக்கு ஏன் புறம்பாக் காசு?"

கையேட்டில் அதற்குப் பக்கம் இல்லை.

கிழக்குப் பக்கம், இரண்டாம் மாடி,
கடல் தெரியாத வீட்டின் விலையைக்
கைப்பைத் துண்டொன்றில் எழுதிக்கொண்டு போனார்.
இன்னும் எடுக்கவில்லை.
நானும் இரண்டு தரம் எடுத்தேன். வேலையில் இருப்பார்.

போன கிழமை உப்புக்காற்றில்
இலையொன்று கழன்று விழுந்தது.
காவலாளி சுமித் கூட்டி எடுத்து
என் மேசையில் வைத்தார், ஊசி போடும் டப்பாவுக்குள்.
புதிது வர ஒரு மாதம் செல்லுமாம்.

அதற்குப் பிறகு பதினாறு பேர் வந்து போனார்கள்.
ஒருவரும் எண்ணவில்லை.
நானும் நாலென்றே சொல்லிவருகிறேன்,
சொல்லும்போது
என் புறங்கை தானாய்ச் சுவரைத் தேடுகிறது.