மூன்று ரூபாய் பாக்கி

நாளைக்குப் பதினோரு பெட்டி என் டார்கெட்.
ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் சாக்குப்பை,
அதற்குள் பணம் வந்தால் மட்டும் பேசும் பெட்டிகள்.
வெள்ளகோவிலிலிருந்து முத்தூர் வரை
காற்றாலைகளுக்குக் கீழே
எனக்குக் கருத்துகள் வந்துகொண்டே இருக்கும்.
ஹெல்மெட்டுக்குள் சொல்லிக்கொள்வேன்.

களத்தில் தேங்காய் உடைக்கும் பெண்களுக்கு
இப்போது கூலி போனில் வருகிறது.
யார் போனில் என்று கேளுங்கள்.
நோட்டாக வந்த காலத்தில்
இருபது ரூபாயாவது அரிசி டப்பாவுக்குள் போகும்.
இப்போது அவள் கை கழுவி முடிப்பதற்குள்
டாஸ்மாக் வாசலில் டிங் என்கிறது.
மீட்டிங்கில் சொன்னேன்.
"கவரேஜ் நல்லா இருக்குதுன்னு அர்த்தம்"
என்றார் ஏரியா மேனேஜர்.

வடக்கத்திப் பையன்கள் பிள்ளை பிடிக்கிறார்கள் என்றொரு வீடியோ,
எந்த ஊர்ப் பாலமோ, எந்த வருஷத்து மழையோ,
எங்கள் தெரு குரூப்புக்கு நாலு தடவை வந்தது.
அனுப்பிய அண்ணனின் தறியை
அன்றைக்கு ராத்திரியும் ஓட்டியது பிஜய்தான்.
"பொய்ங்க" என்று போட்டேன்.
ரோஜாப் பூவோடு காலை வணக்கம் வந்தது பதிலுக்கு.

சரி, சென்னியப்பன் கடைக்கு வருகிறேன்.
ஆதார் கொடுத்தார், பான் கொடுத்தார்,
கடை முன்னால் நின்று மீசையை நீவிக்கொண்டு
போட்டோவுக்கும் நின்றார்.
அப்புறம் அவர் முறை.
"அம்மிணி எந்த ஊருங்க?"
ஈரோடுங்க.
"ஈரோட்டுல எங்கீங்க?"
பஸ் ஸ்டாண்டு பக்கமுங்க.
"சொந்த ஊரு?"
பொறந்ததே அங்கதானுங்க.
எங்கள் கம்பெனிப் படிவத்தில் பதினேழு கட்டம்.
அவருடையதில் ஒன்றே ஒன்று.
அதை நான் காலியாக விட்டேன்.

சில்வர் டம்ளரில் டீ வந்தது.
குடித்தேன்.
நான் பொய் சொல்லவில்லை, பொய் சொல்லவில்லை என்று
நால்ரோடு வரைக்கும் வண்டி சொல்லிக்கொண்டே வந்தது.

அன்றைக்கே பார்த்ததுதான்.
காலனியிலிருந்து வந்த பையன் பன்னிரண்டு ரூபாய் அனுப்பினான்.
எல்லாருக்கும் சொல்கிற அதே குரலில்
பெட்டி அவனுக்கும் நன்றி சொன்னது.
பேப்பர் கப்பை வாங்கிக்கொண்டு
அவன் வேப்பமரத்துக்கு அக்கட்ட போனான்.
பெஞ்சில் இருந்தவர்கள் கையில் எல்லாம் சில்வர்.
"சுத்தத்துக்குங்க" என்றார் சென்னியப்பன்,
நான் கேட்காமலே.

அடுத்த மாசம்
பெட்டி வாடகை நூற்றிருபத்தைந்து ஏறவில்லை என்று போனேன்.
அவர் மகன் என் நம்பரைச் சேமித்து வைத்திருக்கிறான்,
ஸ்டேட்டஸ் பார்த்திருக்கிறான்:
சித்தி மகள் கல்யாணம், பின்னால் ஃபிளெக்ஸ்,
ஃபிளெக்ஸில் நீலக் கோட்டுப் போட்ட தலைவர்.
காலியாக விட்ட கட்டத்தை
என் போனே நிரப்பிக் கொடுத்துவிட்டது.

"என்ன புள்ள, வாடகைக்கு வந்தியா?"
ஒரு மாசத்தில்
அம்மிணியும் போயிருந்தது,
வார்த்தைக்கு வார்த்தை தொங்கிய அந்த 'ங்க'வும் போயிருந்தது.
டீ பேப்பர் கப்பில்.
சூடு தாங்காமல் கை மாற்றி மாற்றிப் பிடித்தேன்.

ஹெல்மெட் கையில் இருந்தது,
அதனால் கருத்தைச் சொல்ல இடமில்லை.
போனை எடுத்து ஒரு ரூபாய் அனுப்பினேன்.
"ஒரு ரூபாய் பெறப்பட்டது. நன்றி."
இன்னொரு ரூபாய்.
"ஒரு ரூபாய் பெறப்பட்டது. நன்றி."
இன்னொன்று.
பெஞ்சில் பேப்பர் படித்தவர் பேப்பரை இறக்கினார்.
நாலாவதுக்கு ஒரு ஆள் சிரித்தான்,
ஆறாவதுக்கு நிறுத்திக்கொண்டான்.
வால்யூமை ஐந்தில் வைத்தது நான்தான்.
மரத்தடியில் இன்றைக்கும் அந்தப் பையன்,
வாயருகே கொண்டுபோன கப்பை அப்படியே வைத்திருந்தான்.
எட்டு. ஒன்பது.
பத்தாவதுக்குச் சர்வர் பிஸி.
சுற்றிக்கொண்டே இருந்தது வட்டம்.

"மூணு ரூபா பாக்கிங்க" என்றேன்.
"எழுதி வெச்சுக்குங்க."

பேரைக் கேட்காமல்
எப்படி எழுதுவார் என்று
காங்கயம் வரும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.