நிறுத்தல்

க்டீனியா துறைமுகத்தில் ஹல்ஷ்காவுக்குப்
பாரந்தூக்கி ஓட்டும் வேலை.
நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டு,
அவள் முன்னே ஒரு சின்னத் திரை:
இருபத்தாறு டன். முப்பது டன்.
நூறு கிலோ முன்னே பின்னே இருந்தால்
கப்பல் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

வீட்டில் இன்னொரு திரை.
அதில் கிராமுக்குப் பிறகும் ஒரு புள்ளி,
புள்ளிக்குப் பிறகும் ஓர் எண்.

இக்னாத்ஸிக்கு ஆறு வயது.
வலிப்புக்கு மூன்று மருந்து மாற்றிப் பார்த்துவிட்டு
மருத்துவமனை ஓர் உணவுத்தாள் கொடுத்தது.
காலைக்கு: கிரீம் அறுபது கிராம், எண்ணெய் பதினெட்டு,
முட்டை முப்பத்திரண்டு.
ஒரு முட்டையை எப்படி முப்பத்திரண்டாக்குவது என்று
பேருந்தில் வீடு வரும்வரை யோசித்தாள்.

முதல் வாரம் கோப்பையில்தான் அளந்தாள்.
கோடுகள் பாதி அழிந்த பிளாஸ்டிக் கோப்பை.
மில்லியும் கிராமும் ஒன்றென்று
பள்ளியில் தண்ணீரை வைத்துச் சொன்னார்கள்.
தண்ணீருக்கு மட்டும் என்று
சொன்னார்களோ, அதற்குள் மணி அடித்துவிட்டதோ.

உணவு ஆலோசகர் யாத்விகா தொலைபேசியில் கேட்டார்:
"எண்ணெய் தண்ணீரில் மிதப்பதைப் பார்த்ததுண்டா?"
"நான் துறைமுகத்தில் வேலை செய்கிறேன்" என்றாள் ஹல்ஷ்கா.
இருவருமே சிறிது நேரம் பேசவில்லை.

அன்றிரவு பிள்ளை தூங்கிய பிறகு
வீட்டில் ஊற்றக்கூடியதையெல்லாம் மேசைக்குக் கொண்டுவந்தாள்.
அதே கோப்பை, அதே நூறாவது கோடு.
எண்ணெய் தொண்ணூற்றிரண்டு.
பால் நூற்று மூன்று.
கிரீம் நூறுக்குக் கொஞ்சம் கீழே, தயங்கித் தயங்கி.
தேன் நூற்று நாற்பத்திரண்டு;
அவனுக்கு ஆகாது, சும்மா தெரிந்துகொள்ள.
அண்ணன் விட்டுப்போன வோட்கா தொண்ணூற்றைந்து.
அதை மட்டும் அவள் திரும்பப் புட்டியில் ஊற்றவில்லை.

ஆக, ஒரு வாரமாகப் பதினெட்டு என்று ஊற்றியது
பதினாறரை.
கோப்பையின் சுவரோடு ஒட்டிக்கொண்டது
அதிலும் ஒரு கிராம்.
முகந்த கோப்பைக்குத் தெரியாது
எவ்வளவு போய்ச் சேர்ந்ததென்று.

மறுநாள் முதல் கிண்ணம் தராசில் ஏறியது.
பொத்தானை அழுத்தினால் பூஜ்யம்:
கிண்ணம் இருக்கிறது, ஆனால் இல்லை.
இனி விழுவது மட்டுமே கணக்கு.
கடைசித் துளிக்குக் கரண்டி நுனி,
துளி கூடிவிட்டால் காகிதத்தின் ஓரம்.
கிண்ணத்தை வழித்து நக்கும் வேலை
இக்னாத்ஸியுடையது.
அதுவும் உணவில் சேர்த்தி.

முகத்தல் போய் நிறுத்தல் வந்தது.
நிறுத்தல் எங்கள் மொழியில் இரண்டு சொல்.
அது அவளுக்குத் தெரியாது.
தெரிந்தால் இரண்டாவதைத்தான் கேட்டிருப்பாள்.

குளிர்பெட்டிக் கதவில் நாளுக்கொரு காந்தம்.
நான்கு வந்தது.
ஐந்தாம் நாள் காலணி மாட்டும்போது
நாற்பது நொடி.
நான்கையும் கழற்றி அவனே டப்பாவில் போட்டான்.
மறுபடி ஒன்று.
பிறகு ஏழு. பிறகு மறுபடி ஒன்று.

பதினொன்று இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை
ஒரு புட்டியில் கடலை மொண்டு வந்தான்.
நிறுத்துப் பார்க்க வேண்டுமாம்.
கோப்பையில் நூறு. திரையில் நூறு புள்ளி ஐந்து.
"அந்தப் புள்ளி ஐந்து யாருடையது?"
"உப்பு, பெரும்பாலும்."

உணவுத்தாளை எடுத்து முட்டைக்குக் கீழே
நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினான்.
அவர்கள் மொழியில் கடலைப் பிழையாக எழுதினால்
ஒலி மாறாது,
'ஒருவேளை' என்று ஆகிவிடும்.

ஒருவேளை: 100.5 கிராம்.

ஹல்ஷ்கா எண்ணைச் சரிபார்த்தாள்.
எழுத்தைத் திருத்தவில்லை.