பத்தாவது கை

அன்றைக்கு அரசாங்கம் என்றால் நான்தான்.
நான்காம் வகுப்பு பி பிரிவு வாத்தியார்.
கழுத்தில் அட்டை, கையில் டோக்கன் கட்டு,
மேசையில் கணக்கு நோட்டு.
ஒன்றரை வருஷமாய்ப் பிள்ளைகள் உட்காராத பெஞ்சுகளில்
முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தது
களியக்காவிளையிலிருந்து உள்ளே தள்ளிய எங்கள் ஊர்.

பள்ளி மதிலை ஒட்டிப் போகும் பாதை
இருபதடியில் கேரளா.
அங்கே ஜேசிபி தள்ளிவிட்டுப் போன மண்மேடு.
யாரோ அதில் மரச்சீனிக் கம்பு நட்டிருந்தார்கள்.
எந்த மாநிலத்தில் வேர் பிடித்தது என்று கேட்டு
இன்னும் மேலிடத்திலிருந்து தாள் வரவில்லை.

பதினொன்றுக்கு வரும் என்ற மருந்து
இரண்டே முக்காலுக்கு வந்தது,
பைக்கின் பின்னால் கட்டிய ஐஸ் பெட்டியில்.
அதற்குள் மழை பிடித்து பாதிப் பேர் போய்விட்டார்கள்.
மீதிப் பேரிடம் வாய் இருந்தது.

"இத்தனை கோடிப் பேருக்கு ஊசி போடுறது
அண்டி தல்லுற வேலையா?" என்றார் விஜயதாஸ்,
ரப்பர் பால் காய்ந்த விரலால் முகக்கவசத்தை இறக்கி.
ரோஸ்லெட் திரும்பினாள்.
அண்டி ஆபீஸில் இருபத்தாறு வருஷம்.
"தல்லிப் பாத்திருக்கீரா ஓய்?
நாளைக்கு எட்டுக் கிலோ. பருப்பு உடையப்பிடாது.
உடைஞ்சா கூலியில பிடிப்பான்.
எங்ககிட்ட விட்டிருந்தா கணக்கு உடையாம வந்திருக்கும்."

"மார்ச்சுல கூப்பிட்டப்போ வந்தியளா?
ஊசி போட்டா ஆளு செத்துப்போவும்னு சொன்னது ஆரு?"
"நல்லபடியா சொல்லித்தர ஆளு விட்டாவளா?
தட்டைத் தட்டத்தான் சொல்லித் தந்தாவ."
ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் என்னைப் பார்த்தார்கள்.
நான் டோக்கன்களை மறுபடி எண்ணினேன்.

மூன்றாவது குப்பி.
சிஸ்டர் ஜெயகிரேஸ் சொன்னார்:
"ஒம்பது கைதான் இருக்கு. திறந்தா நாலு மணி நேரம்.
ஒண்ணு வீணானாலும் விளக்கம் எழுதணும் சார், நீங்கதான்."

மண்மேட்டின் மேல் குடையோடு சுபைதா நின்றாள்.
அவள் வீடு அந்தப் பக்கம் பன்னிரண்டு எட்டு.
"எட்டு திவசமாயி போனில் நோக்குந்நு சாரே.
ஸ்லாட் திறக்கும், கண் இமைக்கும்போள் தீரும்."
"வரட்டும்" என்றார் விஜயதாஸ்.
"வேண்டாம்" என்றாள் ரோஸ்லெட்.

அவள் குரல் உயரவில்லை.
"ஏப்ரல் பதினெட்டு ராத்திரி
என் வீட்டுக்காரரு கிடந்த ஆம்புலன்சு
செக்போஸ்டுல தாள் கேட்டு நின்னுது.
முக்கா மணிக்கூறு.
அப்போ ஆராவது ஏறி வரச் சொன்னாவளா?"

சுபைதா குடையை மடக்கவில்லை, இறங்கவும் இல்லை.
"செக்போஸ்ட் எங்களுடெ அல்லல்லோ சேச்சீ" என்றாள்,
மழைக்கே கேட்காத மாதிரி.

சிஸ்டர் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"திறங்க" என்றேன்.
அரசாங்கமாக நான் எடுத்த ஒரே முடிவு.
அதுவும் விளக்கம் எழுதப் பயந்து.

ஆறாவது ரோஸ்லெட். பத்தாவது சுபைதா,
கணுக்கால் வரை செம்மண்.
அரைமணி நேரம் இருக்கச் சொன்ன பெஞ்சில்
இருவருக்கும் நடுவே ஓர் ஆள் இடைவெளி.
விதிப்படி விட்டதா, வெறுத்து விட்டதா,
எனக்குத் தெரியவில்லை.

போகும்போது நோட்டின் மேல் கை வைத்தாள் ரோஸ்லெட்.
"பத்தையும் எழுதியாச்சா?"
"எழுதியாச்சு."
"ஏப்ரல் பதினெட்டை ஆரு எழுதினாவ?
இங்க கேட்டா அங்கங்காவ, அங்க கேட்டா இங்கங்காவ."
விஜயதாஸ் செருப்பைத் தேடினார், காலில் போட்டுக்கொண்டே.

பெயர், வயது, ஆதார், போன், தவணை, கையெழுத்து.
கட்டங்களை விரலால் ஒருமுறை தடவி முடித்தேன்.
அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"அடுத்த ஊசி எண்பத்துநாலு நாள் கழிச்சு" என்றேன்.
அந்த ஒன்றுக்குத்தான்
என்னிடம் தேதி இருந்தது.