கச்சானில் ஒட்டிய பலகை

பகலில் நான் பல் கட்டுகிறவள்.
ஆஸ்பத்திரியின் பின்பக்கம். யன்னலுக்கு வெளியே
ஒரு துண்டுக் கடல், மீதி தண்ணீர்த் தாங்கி.
மெழுகு, அச்சு, மேல்வரிசை, கீழ்வரிசை.
யாருடைய சிரிப்போ என் கையில் காய்கிறது.

இரவில் அதே மெழுகுக் கத்தி,
அதே கொக்கி ஊசி,
தேய்ந்ததென்று பதிவேட்டில் கழித்த துளைமுனைகள் மூன்று
(கழித்ததும் நான்தான்)
மனையாவெளி வீட்டு மேசையில்
கப்பலுக்கு உழைக்கின்றன.

ஏராக்கட்டை முதிரை.
வங்குகள் பதினேழு, ஒட்டுப்பலகையில் அறுத்தவை.
மேற்பலகை சாவண்டலை:
பாலையூற்று மரக்காலையில்
விறகுக்கென்று ஒதுக்கிக் கிடந்த கழிவு.
"இதை வச்சு என்ன செய்வீங்க மிஸ்?" என்றான் நௌபல்.
"கப்பல்" என்றேன்.
விலையைக் கூட்டிவிட்டான்.

ஐந்து மில்லிமீற்றர் அகலம், ஒன்றரை கனம்.
பிளாஸ்கில் சுடுநீர் விட்டு அரைமணி ஊற வேண்டும்.
அவசரப்பட்டால் முறியும்.
மறந்துபோனால் அவித்த புடலங்காய்.
அணியத்தில்தான் வளைவு கூட:
ஈயம் பற்றவைக்கிற இரும்பின் முதுகில்
மெல்ல மெல்ல இழுக்க ஒரு வாசம் எழும்பும்,
கருகலுக்குச் சற்று முந்தியது.
அங்கே நிறுத்து.
நான் நிறுத்தாத பலகைகள் ஒன்பது.

கவ்விப் பிடிக்க உடுப்புக் கிளிப்புகள் நாற்பது.
கொடியில் ஒன்றும் மிஞ்சாமல்
என் வெள்ளைக் கோட்
இருதரம் கிணற்றடிச் சேற்றில் விழுந்தது.

போன ஆவணியில் தளம் போட்டேன்.
கச்சான், உதட்டை வெடிக்க வைக்கிற காற்று;
பசை, தடவத் தடவக் காய்ந்தது.
அறுபத்திரண்டு துண்டு, இடையில் நூல் நுழையாது.
கண்ணை மூடி நகத்தால் தடவினேன்.
எங்கும் தட்டவில்லை.
பல்லில் எனக்கு இப்படி அமைந்ததே இல்லை,
யாராவது திரும்பி வருவார்கள்,
"கடிக்குது பிள்ளை" என்று.

கார்த்திகையில் வாடை.
மூன்று நாள் மழை, கொட்டியாரக் குடா இருந்த இடத்தில்
சாம்பல் மட்டும்.
நாலாம் இரவு மேசையில் ஒரு சத்தம்,
யாரோ நெட்டி முறித்ததுபோல.
விளக்கைப் போட்டேன்.
தளம் நடுவில் எழும்பி நின்றது,
வீங்கின ஈறு மாதிரி.

வரைபடத்தைத் திட்டினேன். பிறகு நௌபலை.
பிறகு ஒரு பக்கெட் பிஸ்கட்டையும் தின்று முடித்தேன்.

ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்துக் காத்திருந்தால்
பசை விட்டுக்கொடுக்கும்.
ஒவ்வொன்றாய் உரித்து, முதுகில் இலக்கம் எழுதி,
தை முடியும்வரை தொடவில்லை.
மரம் தன் அளவுக்குத் திரும்பட்டும் என்றல்ல.
கோபம்.

மாசியில் மறுபடி.
இந்தத் தரம் பழைய எக்ஸ்ரே படத்தில் கீறிய கீலம்
(யாருடைய கடைவாயோ, பாவம்)
இரண்டு பலகைக்கு நடுவே நிறுத்தி,
பசை பிடித்ததும் உருவினேன்.
அந்த மயிரிழைக்குள்
மெழுகும் விளக்குக்கரியும் குழைத்துக் கலப்பத்து.
பெரிய கப்பலில் அது தண்ணீர் வராமல் இருக்க.
இதில், மரம் மூச்சுவிட்டால்
இடிபடாமல் இருக்க.

நேற்று மரியசீலன் அண்ணை
கீழ்வரிசையைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு வந்தார்.
"ஆடுது பிள்ளை."
ஆறு மாதத்துக்குமுன் அச்சொட்டாய் இருந்தது.
ஈறும் சுருங்கும், அண்ணை.
சொல்லவில்லை; அரத்தை எடுத்தேன்.

இப்போது பங்குனி. இரண்டு காற்றும் இல்லை.
கப்பல் வாய் மூடிக் கிடக்கிறது.
ஆவணியில் கொஞ்சம் திறக்கும்.
அதை நான் பிழைக் கணக்கில் எழுதப் போவதில்லை.

பருமல்கள் பாக்கி, ஆஞ்சான் பாக்கி.
தேன்மெழுகில் இழுத்த நூல் பன்னிரண்டு முழம்
சுருட்டி வைத்திருந்தேன்.
பதினொன்று இருக்கிறது.
பூனை
என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறது.