பூட்டுத் திருகு

ராதல்ல இறக்கத்தில் காற்றுப் போனது.
மூன்று திருகு சொன்னபடி கேட்டன.
நாலாவது, கள்ளனுக்கென்று வாங்கிப் போட்டது.
அதன் சாவி என் கையில்
மாரி பிஸ்கட் போல இரண்டாய்.

பின்னால் எண்ணூறு கிலோ லீக்ஸ்.
விடியுமுன் பேலியகொடை.

தலவாக்கலையிலிருந்து நவ்பர் வந்தார்,
திரீவீலில், மடியில் சம்மட்டி.
"பதினேழு லூஸ். பதினாறை அடிச்சு இறக்கணும்.
சொக்கட் போயிரும், அதுக்கும் சேத்துத் தருவீங்கதானே?"

அடித்தார்.
மேல் லயத்தில் ஒரு லைட் எரிந்து
நாங்கள் யாரென்று பார்த்து அணைந்தது.
பைப்பைச் செருகி "ஏறி நில்லுங்க" என்றார்.
என் ஐம்பத்தெட்டுக் கிலோ போதவில்லை.
அவரும் ஏறினார், என் தோளைப் பிடித்தபடி.
பேர் மட்டும் தெரிந்த இரண்டு பேர்
பனிக்குள்ளே ஒரே குழாய்மேல்,
பஸ்ஸுக்கு நிற்பதுபோல.

கிரீச்.
சாய்ந்தோம்.

சொக்கட்டுக்குள் சிக்கிச் சூடாயிருந்தது திருகு.
ஆறு வருடத்தில் இந்தச் சக்கரத்துக்கு வந்த
ஒரே கள்ளன்
நான்.

டோர்ச்சை மற்றப் பக்கம் திருப்பி
"அதுகள்லயும் இருக்கா?" என்றார்.
மூன்று, என்றேன்.
சிரித்தாரா தெரியவில்லை,
வெளிச்சம் டயரில் இருந்தது.