நேரே நான்கு கிலோமீட்டர்

விசா திரும்பி வந்த அன்று
ஜெசிந்தா அழவில்லை.
பாஸ்போர்ட்டை
மருந்துச் சீட்டுகளுக்கு அடியில் செருகினாள்.
"கையிருப்பு போதாதாம்" என்றாள்,
மளிகைக் கடையில் யாரோ சொன்னதைப் போல.

மூன்று வருடம் கட்டிய சீட்டு,
முழங்காலுக்கு வாங்கிய பட்டை,
அச்சடித்த ஒசாகா வரைபடம்,
ஒன்பது நாள் விடுப்பு.
விடுப்பை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டோம்
என்று இரண்டு அலுவலகத்திலும் சொல்லிவிட்டார்கள்.

ஆகவே புதன்கிழமை காலை ஏழு மணிக்கு
குன்னூர் பேருந்து நிலையத்தை
உமேதா ரயில் நிலையம் என்று வைத்துக்கொண்டோம்.
விதி ஒன்றுதான்.
வரைபடம் சொல்வதை மட்டும் செய்ய வேண்டும்,
தெரிந்த ஊர்தானே என்று குறுக்கே போகக் கூடாது.

வரைபடம் சொன்னது:
தெற்கே திரும்பு. நேரே நான்கு கிலோமீட்டர்.

நேரே!
நாற்பது தப்படி நேராகப் போகும் தெருவை
முப்பத்தொரு வருடத்தில்
நான் இங்கே பார்த்ததில்லை.
மழைத் தண்ணீரே வளைந்துதான் இறங்கும்.
ரயிலுக்குக்கூடப்
பல் வைத்துத்தான் மேலே ஏற்றுகிறார்கள்.

தொலைபேசியின் திசைகாட்டி
வர்க்கி சுடும் அடுப்புக்கும் செருப்புக் கடைக்கும் நடுவே
ஓர் ஆள் நுழையும் படிக்கட்டைக் காட்டியது.
"இதுதான் மிதோசுஜி.
ஆறு வழிச் சாலை" என்றாள்.
இருபுறமும் கிங்கோ மரங்கள் நிற்க வேண்டிய இடத்தில்
நீல டிரம்கள் நின்றன,
மூடிமேல் கல் வைத்து.

எழுபதாவது படியில் போக்குவரத்து நின்றது.
முட்டைக்கோஸ் மட்டையைத் தின்றபடி
வழியை அடைத்து ஒரு காட்டெருமை.
கரிய உடம்பு, நான்கு காலிலும் வெள்ளைக் காலுறை,
பள்ளிக்குக் கிளம்பியதுபோல்.
"சிக்னல் சிவப்பு" என்றாள் ஜெசிந்தா.
வண்டியே வராத சாலையிலும்
அங்கே சிவப்புக்கு நிற்பார்களாம்.
நின்றோம்.
பதினெட்டு நிமிடம்.
அதன் மூச்சும் எங்கள் மூச்சும்
ஒரே பனியில் கலந்தன.

படி முடிந்தது ஒரு வீட்டின் பின்பக்கத்தில்.
கொடிகளில் ஈரப் போர்வைகள்.
கை துடைத்துக்கொண்டே ஒரு பெண் வந்தாள்.
ஜெசிந்தா இடுப்பு வரை குனிந்து
ஆறு மாதமாகப் பழகிய சொல்லைச் சொன்னாள்:
சுமிமாசென்.

"சுமியா? வேலைக்குப் போயிட்டாளே.
குழுக் கடனுக்கா வந்தீங்க?"

இல்லை இல்லை என்று நான் பதறி
வரைபடத்தை நீட்டினேன்.
"நம்பா... நாங்க நம்பா போகணும்."

அவள் முகம் சுருங்கியது.
"நம்புங்கக்கா.
வெள்ளிக்கிழமை கண்டிப்பா கட்டிடுவா."

நான்கு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு ரயில் நிலையம்
அந்தப் பெயரோடு இருப்பதை
எப்படிச் சொல்வது?
கையிருப்பு போதாத இருவர்
கையிருப்பு போதாத ஒருத்தியிடம்
வழி கேட்டு நின்றோம்.

"நம்புறோம்" என்றாள் ஜெசிந்தா.

அந்தப் பெண் ஒரு போர்வையைத்
தூக்கிப் பிடித்தாள், நாங்கள் போக.
அதன் அடியில் இன்னொரு முறை குனிந்தோம்.
சொட்டிய தண்ணீரில் சவுக்கார வாசனை.

அப்புறம் தேயிலை,
அப்புறம் சில்வர் ஓக்,
யாரோ பூட்டிய கேட்,
வேலிக்கு அடியில் கிழிந்த என் சால்வை.
நான்கு கிலோமீட்டர் ஆயிற்று என்று
தொலைபேசி சொன்ன இடத்திலிருந்து
எட்டிப் பார்த்தால்
காலுக்குக் கீழே அதே பேருந்து நிலையம்,
கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்.
கோத்தகிரி வண்டி பின்பக்கமாக நகர்ந்து
வெளியே வந்துகொண்டிருந்தது.

ஜெசிந்தா மதகில் உட்கார்ந்து
முழங்கால் பட்டையைக் கழற்றினாள்.
வீக்கம் இருந்தது. இல்லை என்றாள்.
மடியில் விரித்த பயணத் திட்டத்தில்
வியாழக்கிழமைக்குக் கோட்டை,
சனிக்கிழமைக்குத் துறைமுகம்.
வெள்ளிக்கிழமைக் கட்டம் காலி.
பேனாவை உதறி உதறி
அதில் 'சுமி' என்று எழுதினாள்.

எந்த ரயிலும் நிற்காத
சிறிய நிலையத்தின் பெயர் மாதிரி
இருந்தது அது.